வடக்கே தலை வைத்த கட்டில்

"சூடத்தைக் கொளுத்துங்க, கையால அணைச்சே சத்தியம் பண்றேன். ரெண்டேகாலுக்கு மாமா உசுரோடதான் இருந்தாரு!"

"அடி செருப்பால! கொட்டாயில படம் பாத்துட்டு அரைத் தூக்கத்துல வந்தவன் நீ. உனக்கு மணி யாருடா சொன்னா?"

"ரெண்டாவது ஆட்டம் விட்டா ஒண்ணே முக்கா. செந்துறையிலேருந்து குறுக்கால நடந்தா அரை மணி. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க அத்த."

பக்கத்து வீட்டு வைரக்கண்ணுவும் ரெங்கம்மாளும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தது செல்லப்பனின் பிணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு. ரெங்கம்மாள் செல்லப்பனின் தம்பி பொண்டாட்டி, இரண்டு குடும்பத்துக்கும் வாசல் ஒன்றே. செல்லப்பனோ தாடையில் வெள்ளைத் துணிக்கட்டு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு என்று கிடந்தார். பேச முடிந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். மேளக்காரர்கள் கொட்டு வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு காதைத் தீட்டினார்கள். இவ்வளவு நல்ல சண்டை அந்தத் தெருவில் நடந்து நாலு மாசம் ஆகியிருந்தது.

பந்தக்காலில் சாய்ந்திருந்த ஜோசியர் அய்யம்பெருமாள் மடியில் பஞ்சாங்கம். அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: ராத்திரி ஒன்று நாற்பது வரைக்கும் திருவோணம். அதற்குள் உயிர் போயிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஒன்று நாற்பதுக்கு அவிட்டம் பிறந்துவிட்டது. அதற்கு மேல் போயிருந்தால் ஆறு மாசம் அடைப்பு. வீட்டைப் பூட்டிப் போட வேண்டும், மாலையில் விளக்கு வைக்க ஆள் தேட வேண்டும், நல்ல காரியம் என்று எதுவும் அந்த வாசலில் நடக்கக் கூடாது.

நல்ல காரியம் வைகாசி இருபத்திரண்டில் இருந்தது. ரெங்கம்மாளின் மகள் மலர்கொடிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அரியலூரில் சிமெண்டு ஆலையில் வேலை. பெரியப்பன் சாவுதானே, பதினாறு முடிந்ததும் தாலி கட்டலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா இளையபெருமாள் கீழப்பழுவூரிலிருந்து வந்து இறங்கியதும் பெருந்தன்மையாகச் சொன்னார். அடைப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் பெருந்தன்மையைத் துண்டால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆறு மாசமெல்லாம் நம்மால காத்திருக்க முடியாதுங்க" என்றார். "வீட்ல பெரியவங்க சம்மதிக்கணும்."

அவர் வீட்டில் அவரைவிடப் பெரியவர் யாரும் இல்லை. ஜயங்கொண்டத்தில் இன்னொரு பெண்ணை அவர் கைவசம் பார்த்து வைத்திருந்ததும் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"மனுசன் செத்தது வெளியில, களத்துல. வூட்டுக்குள்ள சாவலையே. வூட்டுக்கு எப்படிங்க அடைப்பு?" என்று ரெங்கம்மாள் ஜோசியரிடம் பாய்ந்தாள்.

"கட்டில் கெடந்த களமும் உங்க பட்டாவுலதானம்மா இருக்கு" என்றார் ஜோசியர். நட்சத்திரத்துக்குப் பட்டா தெரியுமா என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் செல்லப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் பொண்டாட்டி பாப்பாத்தி ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்திருந்தாள். "நிலா கெளம்பறதுக்கு முந்தியே போயிட்டாரு" என்றாள். நிலா எப்போது கிளம்பியது என்று ஜோசியர் விரல் விட்டுப் பார்த்தார். தேய்பிறை அஷ்டமி, பன்னிரண்டே முக்கால். அப்படியானால் திருவோணம்.

ஆனால் யார் நம்புவார்கள்? பெண்ணை வளர்த்த பெரியம்மா, பெண்ணின் கல்யாணத்துக்காகச் சொல்கிறாள் என்று இளையபெருமாளின் புருவமே சொன்னது. அது போதாதென்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள்: "அப்போ நாலரை மணிக்கு எங்களக் கூப்புடற வரைக்கும் பொணத்தோட உக்காந்து என்னாடி பண்ணிக்கிட்டிருந்த? ஒரு கொரல் குடுக்கத் தெரியாது?"

இந்தக் கேள்விக்குப் பாப்பாத்தியிடம் பதில் இருந்தது. தெருவுக்குச் சொல்லும்படியான பதிலாக அது இல்லை.

செல்லப்பன் இருபது வருஷம் சுண்ணாம்புக்கல் குழியில் ராக்காவல் பார்த்தவர். ஒருமுறை வெடிக்காத வேட்டைக் கையால் எடுத்துப் பார்த்ததில் வலது கை ஆள்காட்டி விரல் பாதியோடு போனது. காவல் வேலையை விட்ட பிறகும் ராத்திரித் தூக்கம் திரும்பி வரவில்லை. பங்குனி பிறந்தால் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற களத்துக்குப் போய்விடுவார். அதோடு நின்றிருந்தால் தெரு மன்னித்திருக்கும். அவர் வடக்கே தலை வைத்துப் படுத்தார்.

"பொணந்தான் அப்படிப் படுக்கும்" என்று வழியோடு போகிறவர்கள் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். தெற்கே தலை வைத்தால் தேள் தெரியாதே என்பார் அவர். சித்திரை ராத்திரியில் தெற்கு வானத்தில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற நட்சத்திரத் தேளை, அதன் நெஞ்சில் எரிகிற செவப்பு வெள்ளியை, தலையைத் திருப்பாமல் பார்க்க வேண்டும் அவருக்கு.

பிள்ளையில்லாத வீடு. முதல் பத்து வருஷம் பாப்பாத்தி உள்ளே படுத்து அழுதாள். பதினோராவது வருஷம் ஒரு ராத்திரி புழுக்கம் தாங்காமல் இரண்டாவது கட்டிலை இழுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு அழுததாகத் தகவல் இல்லை. "பெக்கறதுக்கு வழியக் காணும், ரெண்டும் மல்லாந்து படுத்து வெள்ளி எண்ணுதுங்க" என்று வைரக்கண்ணுவின் பொண்டாட்டி சாந்தா வாய்க்கால்கரையில் சொன்னதைப் பாப்பாத்தியிடமே நாலு பேர் வந்து சொன்னார்கள்.

அவர்கள் எண்ணவில்லை. வேடிக்கை பார்த்தார்கள். களத்தோரத்து இலுப்பை மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் வந்து தொங்கும். அவை தின்றது போகப் பூக்கள் பொத்து பொத்தென்று இருட்டில் விழும், ஊரே இனிப்பாக நாறும். பக்கிக்குருவி எங்கோ தரையில் உட்கார்ந்துகொண்டு கொல்லன் தட்டுகிற மாதிரி டொக்கு டொக்கு என்னும். முந்திரிக் காட்டில் நரி ஊளையிட்டு முடித்ததும் மரநாய் ஒன்று சுவர் மேல் பூனை நடை நடந்து வந்து கட்டில் அருகே நின்று இரண்டு பேரையும் முறை வைத்துப் பார்த்துவிட்டுப் போகும். "இந்தா புள்ள, மேஸ்திரி வந்துட்டாரு, பேர் குடு" என்பார் செல்லப்பன்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கோட்டான் விஷயம்தான் ஊருக்குப் பொறுக்கவில்லை. கைவிட்ட கல் குழியின் பாறைப் பொந்தில் கொம்பு வைத்த பெரிய கோட்டான் ஒன்று இருந்தது. அது அலறினால் சாவு என்று தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். செல்லப்பனோ இரண்டு கைகளையும் கூப்பிக் குவித்து, கட்டைவிரல்களுக்கு நடுவே ஊதி, "ஊ... ப்பூ" என்று பதில் கொடுப்பார். அறுபட்ட விரலின் சந்து வழியாகக் காற்றுக் கசிந்து கடைசியில் ஒரு சீறல் கேட்கும். கோட்டானுக்கு அந்தச் சீறல் இல்லை. அதை வைத்துத்தான் எது பறவை எது மனுஷன் என்று தெருவில் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

அந்த ராத்திரி வழக்கம்போலத்தான் இருந்தது. மேற்கே செவ்வாயும் வியாழனும் அக்கா தங்கை மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாரமாகவே அவை அப்படி நின்றதில் செல்லப்பனுக்கு ஏக சந்தோஷம். தேள் முழுசாக மேலே ஏறியிருந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டு, "காத்தே இல்ல" என்றார். பிறகு, "நிலா வந்தா எழுப்பு புள்ள" என்றார்.

அவர் ஒருநாளும் எழுப்பச் சொன்னதில்லை. தூங்கினால்தானே எழுப்புவதற்கு?

கொஞ்ச நேரம் கழித்து மரநாய் வந்தது. அவள் கட்டிலைப் பார்த்தது. அவர் கட்டிலைப் பார்க்காமலே போய்விட்டது. பாப்பாத்திக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எழுந்து கை வைத்துப் பார்த்தது சும்மா ஒரு சாங்கியத்துக்கு.

கத்தினால் தெரு வரும். அரிக்கேன் லாந்தர் வரும், சாந்தா வருவாள், தலைமாட்டில் நெல்லும் விளக்கும் வரும். வானம் போய்விடும். வெளுத்தால் அவர் எல்லாருக்கும் பொதுவாகிவிடுவார். விடிவதற்குள் இருக்கிற நேரம்தான் அவளுக்கு மிச்சம். அவர் கண் திறந்தே இருந்தது. மூடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நிலா வரட்டும் என்று இருந்தாள்.

வந்தது. கிழக்கே பனங்கூட்டத்துக்குப் பின்னால் பாதியாக வெட்டிய தேங்காய் மாதிரி மேலே வந்து, சிறிது சிறிதாக அவருடைய இரண்டு கண்களிலும் ஏறிற்று. "வந்துடுச்சுங்க, பாருங்க" என்றாள். ரொம்ப நேரம் பார்க்க விட்டாள். அதன் பிறகு மூடினால் இமை மூடவில்லை.

செவப்பு வெள்ளி உச்சி தாண்டிச் சாயத் தொடங்கியபோது குழிப் பக்கம் கோட்டான் கூப்பிட்டது. பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டது. அதற்கும் இல்லை. பிறகு இறக்கைச் சத்தமே இல்லாமல் இலுப்பைக் கிளையில் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு பக்கத்தில் அது ஒருநாளும் வந்ததில்லை. இரண்டு மஞ்சள் கண்கள். கூப்பிட்டது.

பாப்பாத்தி கைகளைக் குவித்தாள். இருபது வருஷமாக அவர் கையைப் பார்த்துப் பார்த்து, அவர் இல்லாத பகல்களில் மாட்டுக்கொட்டகைக்குள் யாருக்கும் தெரியாமல் ஊதிப் பழகியிருந்தாள். அவரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் கையைப் பார்த்தே கற்றதால் வலது ஆள்காட்டி விரலைப் பாதியில் மடக்கிக்கொண்டுதான் அவளுக்கு ஊத வரும். ஐந்து விரலும் முழுசாக இருப்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுவாள்.

ஒரே ஒரு தடவை ஊதினாள். கடைசியில் அந்தச் சீறலும் வந்தது.

அதோடு எல்லாச் சத்தமும் நின்றது. பக்கி தட்டவில்லை, பூ விழவில்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. கோட்டான் தலையை மெல்லத் திருப்பியது. அவளை அது பார்க்கவில்லை. அவருடைய கட்டிலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு போய்விட்டது.

"மாமா பதில் குரல் குடுத்தத என் ரெண்டு காதாலயும் கேட்டேன்" என்று வைரக்கண்ணு இப்போது பந்தலில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "கடைசில அந்தச் சீறல் வேற. செத்தவரு ஊதுவாரா? இது என்னா பேச்சு?"

அவன் பொய் சொல்கிற ஆளில்லை. அதுதான் தொந்தரவு. தன் மச்சானுக்கு மலர்கொடியைக் கேட்டு ரெங்கம்மாள் மூஞ்சியில் அடித்தாற்போல் மறுத்த கோபம் அவனுக்கு இருந்தது. ஆனால் உண்மை தன் பக்கம் இருக்கும்போது கோபத்தை எடுத்துச் செலவு பண்ண வேண்டிய அவசியம் அவனுக்கு ஏற்படவில்லை.

இளையபெருமாள் எழுந்து துண்டை உதறினார். "சரிங்க. மாலையப் போட்டுட்டுக் கெளம்பறோம். மத்தத அப்பறம் பேசிக்கலாம்." அந்த அப்பறம் எந்த அப்பறம் என்று எல்லாருக்கும் புரிந்தது. உள்ளே கதவுக்குப் பின்னால் மலர்கொடி நின்றிருந்தாள். பாப்பாத்திக்கு அவளுடைய கால் விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன.

"இருங்க சம்மந்தி" என்றாள் பாப்பாத்தி. "அவுரு ஊதல. நாந்தான் ஊதுனேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாந்தாவாகத்தான் இருக்கும்.

"அக்கா, வாய மூடு" என்று ரெங்கம்மாள் பல்லைக் கடித்தாள். "சம்மந்தி வூட்டு ஆளுங்க இருக்காங்க. பைத்தியம்னு நெனச்சுக்கப் போறாங்க."

"நெனச்சா நெனச்சுக்கட்டும்."

தலைவிரிகோலமாக எழுந்து நின்றாள். தாலி இன்னும் கழுத்தில் இருந்தது. இத்தனை பேர் நடுவில், புருஷன் தலைமாட்டில், கைகளைக் கூப்பினாள். சாமி கும்பிடப் போகிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தவர்கள் உண்டு. விரலை மடக்கினாள். ஊதினாள்.

ஊ... ப்பூ... ஸ்ஸ்.

பட்டப்பகலில், பதினொரு மணி வெயிலில், அந்தச் சத்தம் பந்தலுக்குள் வந்து நின்றது. இலுப்பை மரத்துக் காக்காய்கள் மொத்தமாக எழும்பின. மேளக்காரர் ஒருவர் பீடியைத் தவறவிட்டார். இடுப்பிலிருந்த குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. சாந்தா கூட முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வைரக்கண்ணு முதலில் பார்த்தது பாப்பாத்தியை அல்ல. கட்டியிருந்த தாடையைத்தான் பார்த்தான். அது கட்டியபடியே இருந்தது. அரைக்கண் மட்டும் திறந்திருந்தது.

"இதேதான்" என்றான் மெதுவாக. "இதே சத்தந்தான்."

இளையபெருமாள் விடுகிற ஆளில்லை. பெண் பார்க்க வந்தபோதே உத்தரத்தைத் தட்டிப் பார்த்தவர். "தம்பி, நீ எத்தன தடவ கேட்ட?" என்றார்.

"மூணு தடவங்க. நல்லா நெனவு இருக்கு. மொதலு ஒண்ணு. கொஞ்சம் விட்டு ரெண்டு, சேந்தாப்புல. மூணுலயும் அந்தச் சீறல் இருந்துச்சு."

எல்லாத் தலையும் பாப்பாத்தி பக்கம் திரும்பியது.

"நீங்க எத்தன தடவம்மா ஊதுனீங்க?"

பாப்பாத்தி கட்டிலைப் பார்த்தாள். கோட்டான் தலையைத் திருப்பியது நினைவில் வந்தது. பக்கி தட்டாமல் போனது நினைவில் வந்தது.

"மூணு" என்றாள்.

ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடினார். "திருவோணம். பெருமாள் நட்சத்திரம். அடைப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. தூக்கற வேலையப் பாருங்கப்பா." மேளம் மறுபடி எழுந்தது. விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைப் பிடித்துக்கொண்டார்கள் பெண்கள். ரெங்கம்மாள்தான் எல்லாரையும்விட ஓங்கி அழுதாள், ஒரு கல்யாணம் பிழைத்த அழுகை அது. இளையபெருமாள் உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தார்.

செல்லப்பனை அவர் செத்த கட்டிலோடு கொண்டுபோனார்கள். கட்டிலைச் சுடுகாட்டிலேயே போட்டுவிட்டு வந்தார்கள்.

வைகாசி இருபத்திரண்டில் மலர்கொடிக்குத் தாலி ஏறியது. சாப்பாட்டில் ரசம் நீர்த்துப் போனதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, சொல்லியும் பார்த்தார்கள். அரியலூரில் குடித்தனம். கோட்டான் மாதிரி ஊதிய பெரியம்மாவின் கதை அவளுக்கு முன்னாலேயே ஆலைத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறு பங்குனியில் அவளுக்குத் தலைப்பிரசவம். சாங்கியப்படி தாய்வீட்டுக்கு வர வேண்டியவள், ஊரில் கிணறெல்லாம் வற்றிக் கிடந்ததால் அங்கேயே தங்கிவிட்டாள். துணைக்குப் பாப்பாத்தி போனாள். ஆலை விளக்கு வெளிச்சத்தில் அங்கே ஒரு வெள்ளியும் தெரியாது.

சித்திரைக் கடைசியில் பேரனுக்குப் பெயர் வைக்க ரெங்கம்மாள் வந்தாள். ஊர்ச் சேதி எல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினாள். வைரக்கண்ணு வீட்டை விற்றுவிட்டான், வர்ற வாரம் பெரம்பலூருக்குக் குடி போகிறான், அங்கே சைக்கிள் கடை.

"ஏன், ஊர்ல என்னாவாம்?"

ரெங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "சாந்தா வந்து வாசல்ல நின்னு சத்தம் போட்டா. 'உங்க ஓரகத்திய ராத்திரியில ஊத வேணாம்னு சொல்லி வைங்க, புள்ளைவ தூங்க மாட்டேங்குது'ன்னு." குழந்தையின் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். "நீ பங்குனியிலேருந்து இங்கதான் இருக்கறன்னு நான் அவகிட்ட சொல்லல."

பாப்பாத்தியின் ஆள்காட்டி விரலைக் குழந்தை பிடித்திருந்தது.

"எத்தன தடவயாம்?" என்று கேட்டாள்.

"ரெண்டாம்."

மறுநாள் செந்துறை முதல் பஸ்ஸில் பாப்பாத்தி ஏறிவிட்டாள். பேர் வைத்த சாப்பாட்டுக்குக்கூட இருக்கவில்லை என்று இளையபெருமாள் வீட்டில் இன்றைக்கும் ஒரு குறை உண்டு. வைரக்கண்ணு குடும்பம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று அவள் களத்தில் உட்கார்ந்து புதுக் கட்டில் ஒன்றுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தாள். வண்டி மேலிருந்து சாந்தா பார்த்தாள். ஒத்தைக் கட்டைக்கு எதற்கு இரண்டு கட்டில் என்று பெரம்பலூர் போய்ச் சேரும்வரை புருஷனிடம் கேட்டுக்கொண்டே போனாளாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், வடக்கே தலை வைத்துக் கிடந்தன.